குழந்தையின் விரலில் ஒட்டிய செயற்கை நகம்: பிடுங்காமல் கழற்றுவது எப்படி?

பெருநாளுக்கு முந்தைய நாள் மருதாணிக் கோன் வாங்கப் போகும்போது ஃபேன்சி கடையிலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியும் சேர்ந்து வீட்டுக்கு வந்துவிடுகிறது. உள்ளே வரிசையாகப் பிளாஸ்டிக் நகங்கள். மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு பசைக் குழாய். பெரிய பிள்ளைகள் ஒட்டிக்கொள்வதைப் பார்த்து ஏழு வயது மகளும் விரலை நீட்டுகிறாள். ஒட்டுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. மறுநாள் விருந்தெல்லாம் முடிந்து மஃக்ரிபுக்கு உளூ செய்ய நிற்கும்போதுதான் உம்மாவின் கண்ணில் அது படுகிறது. "இதோட எப்படிம்மா உளூ கூடும்? கையைக் கொண்டா" என்று ஒரு நகத்தை நிமிண்ட, "உம்மா, வலிக்குது" என்று பிள்ளை கையை இழுத்துக்கொள்கிறாள். பாங்கு சொல்லி முடிந்துவிட்டது. உம்மாவுக்கு அவசரம். இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தால் வந்துவிடும் என்று தோன்றுகிறது.

வரத்தான் செய்யும். ஆனால் பிளாஸ்டிக் மட்டும் வராது.

நம் நகம் ஒரே தகடு போலத் தெரிந்தாலும், மெல்லிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அமைப்பு அது. ஒட்டு நகத்தின் பசை மேல் அடுக்கை இறுகப் பிடித்துக்கொள்கிறது. வெங்காயத்தின் மேல் தோலை உரிப்பது போல, பிளாஸ்டிக்கை இழுக்கும்போது அந்த அடுக்கும் கூடவே உரிந்து வருகிறது. பெரியவர்களின் நகமே இதைத் தாங்குவதில்லை. குழந்தையின் நகம் அதைவிட மெல்லியது. நகத்தின் நுனியைப் பிடித்து மேல்நோக்கி நெம்பினால் இன்னும் மோசம். அடியிலுள்ள சதையிலிருந்து நகமே பெயர்ந்து இரத்தம் கசியும். அந்த இடைவெளியில் தண்ணீரும் அழுக்கும் புகுந்தால் நகச்சுத்து வந்துவிடும். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. இன்று இரண்டு நொடியில் பிய்த்த நகம் பழையபடி முழுதாக வளர்ந்து வர ஆறு மாதம் வரை ஆகலாம்.

உளூவுக்காகத்தானே இந்த அவசரம், முதலில் அதைப் பார்த்துவிடுவோம்

தாயின் கவலை நியாயமானது. உளூவில் கைகளை முழங்கை வரை கழுவ வேண்டும் என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் 6வது வசனத்தில் வரும் கட்டளை. பாதத்தில் ஒரு நகத்தின் அளவுக்கு நனையாமல் விட்டுவிட்ட ஒருவரிடம், திரும்பிச் சென்று உளூவைச் செம்மையாகச் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. பிளாஸ்டிக் நகமும் அதன் பசையும் தண்ணீரைத் தடுக்கும் திரை. அது இருக்கும்வரை அடியில் உள்ள நகம் நனையாது. உளூவும் கடமையான குளிப்பும் நிறைவேறாது. மருதாணியின் நிலை வேறு. அரைத்த விழுதைக் கழுவிவிட்டால் எஞ்சுவது வெறும் நிறம். அது தண்ணீரைத் தடுப்பதில்லை.

ஆனால் யார் மீது என்ன கடமை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஏழு வயதில் தொழுகையை ஏவச் சொல்லியிருப்பது பழக்கப்படுத்துவதற்காக. பருவமடையாத பிள்ளை மீது குற்றம் எழுதப்படுவதில்லை. ஒரு நகத்துக்காக அந்தப் பிள்ளையின் விரலில் இரத்தம் வரவழைக்க வேண்டிய கட்டாயம் எதுவும் உங்களுக்கு இல்லை. இன்று இரவு ஆற அமரக் கழற்றலாம். முழுதாக வராவிட்டால் நாளை மீண்டும் முயலலாம். உளூ செய்யும் நேரத்தில் வலியும் அழுகையும் திட்டும் சேர்ந்து வந்தால், பிள்ளையின் மனத்தில் உளூவோடு அந்த வலியும் சேர்ந்து பதிந்துவிடும் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

பருவமடைந்த மகளாக இருந்தால் விஷயம் வேறு. அவள் மீது தொழுகை கடமை. தள்ளிப்போடாமல் அன்றே உட்கார்ந்து கழற்ற வேண்டும். அப்போதும் கீழே சொல்லும் முறைதான், பிடுங்குவது அல்ல. எவ்வளவு முயன்றும் காயமில்லாமல் எடுக்க முடியவில்லை என்றால், அந்த நிலையில் தொழுகைக்கு என்ன செய்வது என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். கழற்ற முடியாமல் உடலில் ஒட்டிக்கொண்ட பொருட்களைப் பற்றி மார்க்கச் சட்ட நூல்கள் பேசாமல் விடவில்லை.

விரலில் இருப்பது எந்த வகை?

கழற்றத் தொடங்கும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிறுமிகளுக்கென்றே விற்கும் பெட்டிகளில் பெரும்பாலும் நகத்தின் பின்புறத்திலேயே ஸ்டிக்கர் போன்ற பசை இருக்கும். காகிதத்தை உரித்து ஒட்டும் இந்த வகை மிக எளிது. வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறினால் போதும்.

இரண்டாவது, குழாயிலுள்ள பசையை ஊற்றி ஒட்டுவது. உடைந்த பொம்மையை ஒட்ட வீட்டில் வைத்திருக்கும் ஃபெவிக்விக் எந்த வகைப் பசையோ, அதே வகைதான் இதுவும். சயனோஅக்ரிலேட் என்று குழாயின் மீது அச்சிட்டிருக்கும். வீட்டில் நடக்கும் ரகளையெல்லாம் இதனால்தான். பெட்டியில் வந்த பசை தீர்ந்துபோய் ஃபெவிக்விக்கையே தடவிக்கொண்ட பிள்ளைகளும் உண்டு. கழற்றும் முறை ஒன்றேதான்.

மூன்றாவது, கல்யாண வீட்டுக்காகப் பார்லரில் போட்டது: அக்ரிலிக் அல்லது விளக்கொளியில் காயவைத்த ஜெல். இது ஒட்டிய நகம் அல்ல, நகத்தின் மேலேயே கட்டியெழுப்பிய ஒன்று. இதை வீட்டில் கழற்ற முயல வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு, எண்ணெய்

இரவுச் சாப்பாடு முடிந்து பிள்ளை அமைதியாக இருக்கும் நேரம் நல்லது. வெளிச்சம் நன்றாக இருக்கும் இடத்தில் உட்கார வையுங்கள். ஒரு கிண்ணத்தில் குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில் தண்ணீர் எடுத்து, உங்கள் முழங்கையை நனைத்துப் பாருங்கள். சூடு அதிகமாக இருந்தால் சீக்கிரம் கழன்றுவிடும் என்று கொதிக்கும் தண்ணீரைக் கலந்துவிடாதீர்கள். பாத்திரம் கழுவும் திரவமோ ஷாம்போ நாலைந்து சொட்டு விட்டு, ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயும் ஊற்றுங்கள். ஒரு கையின் ஐந்து விரல்களும் மூழ்கும்படி 15 முதல் 20 நிமிடம் வைத்திருக்க வேண்டும். தண்ணீர் ஆறினால் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு கையை முடித்துவிட்டே அடுத்த கை. இரண்டையும் ஒரே நேரத்தில் ஊறப்போட்டால், முதல் கையை முடிப்பதற்குள் மற்றது காய்ந்துவிடும்.

இருபது நிமிடம் கையை அசைக்காமல் வைத்திருப்பது சிறுபிள்ளைக்கு ஒரு யுகம். மதரஸாவில் மனப்பாடம் செய்த சின்னச் சூராக்களை ஒவ்வொன்றாக ஓதச் சொல்லிப் பாருங்கள், நேரம் போவது தெரியாது. கார்ட்டூன் காட்டினாலும் பரவாயில்லை, இதில் பிடிவாதம் வேண்டாம்.

ஊறியதும் கையைத் துடைத்து, ஒவ்வொரு நகத்தின் இரு ஓரத்திலும் அடிப்பக்கத்திலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு விரலால் நீவுங்கள். பிறகு செயற்கை நகத்தை மெதுவாக இடமும் வலமுமாக அசைத்துப் பாருங்கள். மேல்நோக்கி அல்ல, பக்கவாட்டில் மட்டும். ஓரத்தில் மெல்லிய இடைவெளி தெரிந்தால், மழுங்கிய முனையுள்ள மரக்குச்சியை (குச்சி ஐஸின் குச்சியைச் சீவித் தேய்த்தால் சரியாக இருக்கும்) அதில் நுழைத்து, எண்ணெய் உள்ளே இறங்கும்படி கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். ஊக்கு, ஊசி, கத்தி முனை, நகவெட்டியில் இருக்கும் கூரான பகுதி எதுவும் கூடாது.

பிள்ளை "வலிக்குது" என்றால் அங்கேயே நிறுத்துங்கள். பயத்தில் சொல்கிறாளா, உண்மையாகவே வலிக்கிறதா என்று விசாரணை நடத்தத் தேவையில்லை. அந்த விரலை மறுபடி ஊறவைத்துவிட்டு அடுத்த விரலுக்குப் போகலாம். பெரும்பாலும் நாலைந்து நகங்கள் முதல் தடவையிலேயே வந்துவிடும். ஒன்றிரண்டு மட்டும் முரண்டு பிடிக்கும். மூன்று தடவை ஊறவைத்தும் அசையவில்லை என்றால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுவது நல்லது. தலையணையிலோ சட்டையிலோ மாட்டி இழுபடாமல் இருக்க, நீண்டிருக்கும் பிளாஸ்டிக் முனையை மட்டும் நகவெட்டியால் சிறிது சிறிதாக வெட்டிவிடுங்கள். துண்டு கண்ணில் தெறிக்காமல் இருக்க மேலே ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு வெட்டலாம். மேலே ஒரு பேண்ட்-எய்டு சுற்றிப் படுக்க வைத்துவிட்டு, காலையில் மீண்டும் ஊறவையுங்கள். கழன்ற நகங்களை எண்ணிக் குப்பையில் போட மறக்காதீர்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், இது தொண்டையில் சிக்கும் அளவுள்ள பொருள்.

நகத்தின் மேல் மீதமாக ஒட்டியிருக்கும் பசையைச் சுரண்டாதீர்கள். வெந்நீரும் எண்ணெயுமாக இரண்டொரு நாளில் செதில் செதிலாக வந்துவிடும்.

அசிட்டோன் என்ற கடைசி வழி

இணையத்தில் தேடினால் எல்லோரும் முதலில் சொல்வது அசிட்டோன்தான். பசையைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் அது கடைசி வழி. விரல் சூப்பும் வயதுப் பிள்ளைக்கும், விரலில் வெடிப்போ காயமோ இருப்பவருக்கும் வேண்டவே வேண்டாம். மற்றவர்களுக்கும் கிண்ணத்தில் ஊற்றி விரலை முக்காமல், நகத்தைச் சுற்றியுள்ள தோலில் வாசலின் தடவிவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டுப் பசை தெரியும் ஓரத்தில் மட்டும் தடவுங்கள். சன்னல்கள் திறந்திருக்கட்டும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி எண்ணெய் தேய்க்க வேண்டும். கடையில் "அசிட்டோன் இல்லாதது" என்று எழுதிய ரிமூவர் கிடைக்கும். அது நகப்பூச்சை எடுக்கும். இந்தப் பசையை எடுக்காது.

அசிட்டோன் பெட்ரோலைப் போலச் சட்டெனத் தீப்பிடிக்கும். அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவிப் போகும். சமையலறையில் வைத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். சாம்பிராணிச் சட்டி, ஊதுபத்தி, மெழுகுவர்த்தி எதுவும் அருகில் இருக்கக் கூடாது. "சூடாக்கினால் சீக்கிரம் வேலை செய்யும்" என்று எவராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பெயரில் கிட்டத்தட்ட இதே போல இருக்கும் இன்னொன்று உண்டு: அசிட்டோநைட்ரைல். ஒரு காலத்தில் செயற்கை நகம் கழற்றும் திரவங்களில் இதைப் பயன்படுத்தினார்கள். விழுங்கினால் உடலுக்குள் மெல்ல மெல்லச் சயனைடாக மாறும் பொருள் இது. முதல் சில மணி நேரம் குழந்தை நன்றாக இருப்பது போலவே தெரியும். அமெரிக்காவில் 16 மாதக் குழந்தை ஒன்று இப்படி இறந்துபோனதை 1988இல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்திருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் 2000ஆம் ஆண்டு இதை அழகுப் பொருட்களில் தடை செய்துவிட்டன. லேபிள் இல்லாத, என்ன இருக்கிறது என்று எழுதாத பாட்டில்களை ஏன் வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை. எந்த ரிமூவராக இருந்தாலும் பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். "நல்லாத்தானே இருக்கா" என்று காத்திருக்கவும் வேண்டாம். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

பசை சிந்திவிட்டால்

கழற்றும்போது நடக்கும் விபத்தைவிட, பிள்ளைகள் தாங்களே மறுபடி ஒட்டிப் பார்க்கும்போது நடக்கும் விபத்துகள் பெரியவை. இந்தப் பசை பருத்தித் துணியிலோ பஞ்சிலோ பட்டால் வேகமாக இறுகும். இறுகும்போது கடும் சூடு உண்டாகும். மடியில் சிந்திய சில சொட்டுகள் பருத்திச் சட்டையின் வழியாகத் தொடையைச் சுட்டுக் கொப்புளமாக்கிவிட முடியும். ஆகவே சிந்திய பசையைப் பஞ்சாலோ துணியாலோ துடைக்கப் போகாதீர்கள். உடையில் பட்டால், தோலோடு ஒட்டுவதற்கு முன் உடையைக் கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் விடுங்கள். துணி தோலோடு ஒட்டிவிட்டிருந்தால் இழுக்காமல் தண்ணீர் ஊற்றியபடியே மருத்துவரிடம் கொண்டு போங்கள். பற்பசை, இங்க், மாவு எதையும் பூச வேண்டாம்.

விரலோடு விரல் ஒட்டிக்கொண்டால் பயப்பட ஒன்றுமில்லை. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து உருட்டி உருட்டிப் பிரித்தால் வந்துவிடும். கண்ணில் பட்டால் மட்டும் தாமதமே கூடாது. வெதுவெதுப்பான சுத்தமான தண்ணீரை 15 நிமிடம் ஊற்றுங்கள். இமை ஒட்டியிருந்தால் பிரிக்க முயலாமல் கண் மருத்துவரிடம் போங்கள். இந்தக் குழாய் கண் சொட்டு மருந்துக் குழாயைப் போலவே இருப்பதால், மாற்றி ஊற்றிக்கொண்ட பெரியவர்களே உண்டு.

ஜெல், அக்ரிலிக் போட்டுவிட்டிருந்தால்

இவற்றை எடுக்க மேற்பகுதியைத் தேய்த்துக் குறைத்து, அசிட்டோனில் நீண்ட நேரம் ஊறவைக்க வேண்டும். குழந்தையின் நகத்தில் எங்கே ஜெல் முடிந்து எங்கே நகம் தொடங்குகிறது என்பது அனுபவமில்லாதவருக்குத் தெரியாது. போட்ட இடத்திலேயே கழற்றச் சொல்லலாம். ஆனால் அங்கே மின்சாரத்தில் சுழலும் தேய்ப்பானைச் சிறுபிள்ளையின் விரலில் வைக்கச் சம்மதிக்காதீர்கள். நகம் வலித்தாலோ, ஓரம் சிவந்திருந்தாலோ பார்லரை விட்டுவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

இந்த வகையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஜெல்லிலும் அக்ரிலிக்கிலும் உள்ள மெதக்ரிலேட் வகை இரசாயனங்கள் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்குகின்றன. விரலில் மட்டுமல்ல, அந்தக் கையால் தொட்ட கண்ணிமையிலும் கழுத்திலும் அரிப்பு வரும். ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க நீடிக்கும். பல் அடைக்கும் பொருட்கள் சிலவற்றிலும் இதே குடும்பத்து இரசாயனங்கள் இருப்பதால், பத்து வயதில் போட்ட நகம் முப்பது வயதில் பல் மருத்துவரின் நாற்காலியில் தொல்லை கொடுக்கலாம்.

கழற்றிய பிறகு

நகம் வெளிறி, கோடு கோடாகச் சொரசொரப்பாகத் தெரியும். மேல் அடுக்கு கொஞ்சம் போயிருக்கிறது என்று பொருள். ஒட்ட வெட்டிவிட்டு, இரவில் தேங்காய் எண்ணெய் தேய்த்து வந்தால் போதும். சில வாரங்களுக்கு மேலே நகப்பூச்சு எதுவும் வேண்டாம். நகம் பாதி கிழிந்து தொங்கினால் பிய்க்காமல், கழுவி வாசலின் தடவி, ஒட்டாத கட்டுப் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். விரல் நுனி சிவந்து வீங்கித் துடித்தாலோ, சீழ் தெரிந்தாலோ, நகம் பச்சை நிறமாக மாறினாலோ அது தொற்று. எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டிவிடுவது நம் வீடுகளில் வழக்கம்தான். உரிந்துபோன நகத்தில் அது எரிச்சலைத்தான் கூட்டும். சீழ் வைத்த விரலுக்கு மருத்துவர்தான் வேண்டும்.

அடுத்த பெருநாளுக்கு மகள் மறுபடி கேட்பாள். "வேண்டாம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பக்கத்து வீட்டில் போய் ஒட்டிக்கொண்டு வருவாள். மருதாணி இலை கிடைத்தால் அரைத்து விரல் நுனிகளுக்குத் தொப்பி போல வைத்துவிடுங்கள், அவளையும் இலை பறிக்கக் கூட்டிக்கொள்ளுங்கள். கடையில் கோன் வாங்குவதாக இருந்தால், பத்து நிமிடத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் "கறுப்பு மருதாணி" வேண்டாம். இலையின் நிறம் செம்பழுப்புதான். அந்தக் கறுப்புக்காகப் பெரும்பாலும் தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற பொருளைக் கலக்கிறார்கள், அது குழந்தைகளின் கையில் கொப்புளமும் வடுவும் உண்டாக்கும்.

பெட்டியில் மீதமிருக்கும் பசைக் குழாய் இப்போதும் உங்கள் அலமாரியில் எங்கோதான் இருக்கும். நன்றாக மூடி, ஒரு பழைய டப்பாவில் போட்டு, பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கண் மருந்து வைக்கும் தட்டில் மட்டும் வேண்டாம்.